கடல் விட்டுப்போன ஊரிலிருந்து ஒரு கணக்கு

அரியலூர்க்காரனுக்குக் கடலைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். பஸ் ஏறிக் கும்பகோணம், மயிலாடுதுறை தாண்டிப் போனால்தான் நமக்குக் கடல். ஆனால் நம் மண்ணுக்குக் கடல் புதிதல்ல. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தில், இன்றைய அரியலூரும் பெரம்பலூரின் கிழக்குப் பகுதியும் கடலுக்கு அடியில் கிடந்தன. காரை, குளக்காநத்தம் பக்கம் மழை அரித்த பள்ளங்களில் ஆட்டுக் கொம்பு போலச் சுருண்ட கல் நத்தைகளைச் சிறு வயதில் பொறுக்காதவர்கள் நம்மில் குறைவு. சாத்தனூர் கல்மரமும் அந்தக் கடலின் மிச்சம்தான். ஆற்றோடு வந்து கடலடிச் சேற்றில் புதைந்து கல்லான அந்த மரம் 18 மீட்டர் நீளம். அதை 1940-இல் உலகுக்குச் சொன்னவர் புவியியல் ஆய்வுத் துறையின் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன்.

அந்தக் கடல் ஏறியதும் இறங்கியதும் இலட்சக்கணக்கான ஆண்டுகளில் நடந்தவை. யாரும் வீட்டைக் காலி செய்யவில்லை, யாருக்கும் நிவாரணம் தரவேண்டியிருக்கவில்லை. இன்றைய கதை வேறு. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்கிறது ஐ.நா.வின் பருவநிலைக் குழு. ஒரு தாத்தா, பேரன் காலத்துக்குள் நடக்கிற மாற்றம் இது. இதற்குக் கரையோர மக்கள் எப்படி ஈடுகொடுக்கிறார்கள், அதில் யாருக்கு லாபம் என்பதுதான் என் கேள்வி.

சுனாமி பருவநிலை மாற்றத்தால் வந்ததல்ல, நிலநடுக்கத்தால் வந்தது. ஆனால் கடல் ஏறி வந்தால் அரசும் சமூகமும் யாரை முதலில் பார்க்கும் என்பதை அதுபோலக் காட்டியது வேறில்லை. 2004 டிசம்பர் 26-இல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அப்போது அரியலூர் பெரம்பலூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த காலம். வெளி மாவட்டங்களிலிருந்து ஊழியர்களைக் கணக்கெடுப்புக்கு அனுப்பினார்கள், நானும் போனேன். எங்கள் கையில் இருந்த பட்டியலில் படகு, இன்ஜின், வலை என்று கட்டங்கள் இருந்தன. ஒரு குப்பத்தில் மீன் கூடை சுமந்து விற்கும் அம்மாள் ஒருவர் நேராகவே கேட்டார்: “சார், படகு போனவனுக்குப் படகு எழுதுறீங்க. கூடையும் முதலும் போன எனக்கு எதுல எழுதுவீங்க?” என் பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை. உப்பு ஏறிய வயலில் கூலி வேலை இழந்த தலித் குடும்பங்கள், முகத்துவாரத்தில் கையால் இறால் தடவிப் பிழைத்த இருளர்கள் எல்லாரும் அதே நிலைதான். பின்னால் பல அமைப்புகள் இதை எடுத்துச் சொன்ன பிறகு சிலருக்கு உதவி போய்ச் சேர்ந்தது.

2005 மார்ச் 30-இல் தமிழக அரசு 172-ஆம் எண் அரசாணையை வெளியிட்டது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் உள்ளே தள்ளிக் குடியேறினால் புது வீடு உண்டு, பழைய மனை அரசுக்குப் போகும். அங்கேயே இருப்போம் என்றால் இருக்கலாம், ஆனால் அரசு உதவி கிடையாது. வீட்டைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் தந்தது நல்ல காரியம் என்றே இன்றும் சொல்வேன். உயிருக்கு அது பாதுகாப்பும்தான். ஆனால் மீனவனுக்குக் கரை வெறும் குடியிருப்பு இல்லை. படகு ஏற்றவும் வலை உலர்த்தவும், காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துத் தொழிலுக்குக் கிளம்பவும் அதுதான் இடம். நாங்கள் போன பிறகு இங்கே ஓட்டல் வரும் என்ற அச்சம் குப்பத்துக்குக் குப்பம் இருந்தது.

லாப நட்டக் கணக்கு இன்னும் தெளிவாகத் தெரிவது புதுச்சேரியில். நம் கிழக்குக் கரையில் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகிறது. 1980-களின் இறுதியில் அங்கே துறைமுகத்துக்கு அலைதடுப்புக் கட்டினார்கள். மணல் தெற்கே தேங்கியது, வடக்கே நகரக் கடற்கரை கரைந்தது. நகரத்தைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். அரிப்பு அதற்கும் வடக்கே நகர்ந்து கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி மீனவர்களின் வாசலுக்கு வந்தது. அவர்களும் தூண்டில் வளைவு கேட்டார்கள். ஒன்று போட்டால் அதற்கு அடுத்த ஊருக்கு அரிப்பு. 2018-இல் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி கடலுக்குள் தடுப்பு இறக்கியபின் நகரக் கடற்கரைக்கு மணல் திரும்பியது, சுற்றுலாக்காரர்கள் வந்தார்கள். வடக்கே உள்ள குப்பங்களுக்கு அதே வேகத்தில் விடிவு வரவில்லை.

உப்பு ஏறிய நிலத்துக்கு இறால் பண்ணைதான் வழி என்று 1990-களில் சொன்னார்கள். பண்ணை முதலாளிக்கு டாலர் வந்தது. பக்கத்து வயலுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் உப்பு வந்தது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11-இல் கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் உள்ள பண்ணைகளை அகற்றத் தீர்ப்பு வந்தது. 2005-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பண்ணைகளைப் பதிவு செய்து நடத்த மறுபடி வழி திறந்தது.

இதில் நமக்கும் பங்கு உண்டு. அந்தப் பழைய கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக் கல்தான் அரியலூரைச் சிமெண்ட் ஊராக்கியது. தூய சுண்ணாம்புக் கல் 100 கிலோவைச் சூளையில் சுட்டால், எரிபொருள் புகை நீங்கலாகவே, கல்லுக்குள்ளிருந்து 44 கிலோ கரியமில வாயு வெளியேறும். கடல் உயிர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஓட்டில் பூட்டி வைத்ததை நாம் திறந்துவிடுகிறோம். அது காற்றையும் கடலையும் சூடாக்குகிறது. கரையோரத்து வீட்டுக்கும் தடுப்புக்கும் மறுபடி சிமெண்ட் போகிறது. நம் பிள்ளைகளுக்கு வேலை தந்த ஆலைகளைப் பழிக்க இதை எழுதவில்லை. கல் வெட்டிய குழி நமக்கு, விற்ற லாபம் வேறு ஊருக்கு, உயரும் கடல் குப்பத்துக்கு என்று பங்கு பிரிந்திருப்பதைச் சொல்கிறேன்.

செலவு குறைந்த வழியும் இருக்கிறது. பிச்சாவரத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், பட்டுப்போன அலையாத்திக் காட்டுக்குள் மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, உள்ளூர் மக்களைக் கொண்டே மரங்களை மீட்டது. சுனாமியின்போது காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. மரம் எவ்வளவு காத்தது, தூரமும் மேடும் எவ்வளவு காத்தன என்பதில் அறிஞர்களிடையே வாதம் உண்டு. ஆனால் அந்தக் காட்டில் மீனும் நண்டும் பிடிக்கிற இருளருக்கு, அலை வராத நாளிலும் அதனால் சோறு கிடைக்கிறது. கருங்கல் சுவரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இனிப் பேப்பரில் “கடலரிப்பைத் தடுக்க இத்தனை கோடி” என்று செய்தி பார்த்தால், எந்த ஊருக்கு என்பதோடு நிறுத்தாதீர்கள். அதற்கு வடக்கே எந்தக் குப்பம் இருக்கிறது என்றும் பாருங்கள். பாதிக்கணக்கு அங்கேதான் இருக்கும்.