மேலே ஊரும் தேதியும்

மரியாதை என்றால் பலருக்குச் சந்தனப் பேலாவும் வெற்றிலைத் தட்டும்தான் ஞாபகத்துக்கு வரும். பிரயோஜனம் இல்லாவிட்டாலும் விட மனம் வராத சம்பிரதாயம் என்று எண்ணுகிறார்கள். கடிதம் எழுதும் மரியாதையையும் அந்தக் கணக்கில் சேர்த்து ஒதுக்கிவிட்டார்கள். அது பிசகு என்பது என் கட்சி.

இந்தியாவில் தபால் கார்டு வந்தது 1879-ம் வருஷம் ஜூலை முதல் தேதி. விலை காலணா. எழுத இருக்கும் இடமோ உள்ளங்கையளவு. ஆனாலும் நம் பெரியவர்கள் வலது மூலையில் ஊரும் தேதியும் போடாமல் விஷயத்தைத் தொடமாட்டார்கள். பெரியவருக்கு 'அநேக நமஸ்காரம்', சின்னவனுக்குச் 'சிரஞ்சீவி'. அப்புறம் 'உபயகுசலோபரி'. இரு பக்கமும் சௌக்கியம், இனி மேலே விஷயம் என்று அதற்குப் பொருள். அடியில் கையெழுத்து. கார்டைத் தபால்காரர் முதல் பக்கத்து வீட்டு மாமி வரையில் படிக்கலாமாகையால் குடும்ப ரகசியம் அதில் ஏறாது. அதற்குக் கவர் உண்டு. சுப சமாசாரமானால் மூலைகளில் மஞ்சள். சாவுச் செய்தியானால் படித்த கையோடு கிழித்துவிட வேண்டும். ரெயிலேறும் பிள்ளையிடம் பாட்டி தவறாமல் சொல்லும் வார்த்தை ஒன்றும் உண்டு: "போய்ச் சேர்ந்ததும் ஒரு கார்டு போடு."

இவையெல்லாம் வெறும் அலங்காரமா? எழுதியவன் கையை விட்டதும் செய்திக்குக் கால் முளைத்துவிடுகிறது. அது எங்கே, எப்போது, யாரிடம் பிறந்தது என்பதை அதுவேதான் சொல்லியாக வேண்டும். தபாலாபீஸ் முத்திரை இரண்டாவது சாட்சி. 2013 ஜூலையில் விடைபெற்ற தந்திகூடப் புறப்பட்ட ஆபீஸையும் நேரத்தையும் தலையில் சுமந்துதான் வந்தது.

1995 ஆகஸ்டு 15-ம் தேதி இந்தியாவில் பொது ஜனங்களுக்கு இன்டர்நெட் திறந்துவிடப்பட்டது. பிறகு கைபேசியும் வாட்ஸப்பும் வந்தன. மூலைத் தேதியும் அடிக் கையெழுத்தும் உதிர்ந்தன. "நேரத்தை மெஷினே போடுகிறதே, ஸார்!" என்பீர்கள். போடுகிறது, ஆனால் அது நமக்கு அனுப்பப்பட்ட நேரம். ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் தள்ளிவிடும்போதெல்லாம் செய்திக்குப் புது ஜன்மம். மூன்று நாள் பழையது, இந்த நிமிஷம் பிறந்த குழந்தைபோல் வந்து நிற்கும்.

இதன் விலை என்ன என்று சென்னை 2015 டிசம்பரில் தெரிந்துகொண்டது. முதல் தேதி கொட்டிய மழையில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரை புரண்டு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வீடுகளுக்குள் புகுந்தது. 1878-ல் பிறந்த 'ஹிந்து' பத்திரிகை இரண்டாம் தேதி அச்சாகவில்லை. ஊழியர்கள் அச்சுக்கூடம் போய்ச் சேர முடியவில்லை. பல பேட்டைகளில் மின்சாரமும் இல்லை. சார்ஜ் மிச்சமிருந்த கைபேசிதான் ஊருக்குக் கண்ணும் காதும்.

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் தண்ணீர் ஏறாத வீடுகளில் இருந்தவர்கள், வந்த செய்தியை வந்த வேகத்தில் நாலு பேருக்குத் தள்ளினார்கள். நல்ல மனசுதான். "முதல் மாடியில் முதியவர்கள், உடனே படகு தேவை" என்று விலாசத்தோடு வரும்; எப்போது எழுதியது என்றுதான் இராது. காப்பாற்றப்பட்டவர்களுக்காகவும் அபயக்குரல் சுற்றிக்கொண்டேயிருந்தது. நிஜமாகவே தவித்தவர்களின் குரல் அந்தக் கூட்டத்தில் அமுங்கியது. போதாக்குறைக்கு, நாஸாவே எச்சரித்துவிட்டது என்று ஒரு கதை. மாமல்லபுரம் சாலை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று இன்னொன்று. முதலைகள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. செய்திதான் ஊரெல்லாம் நீந்தியது.

இதைச் சீர்ப்படுத்தியவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். ஒவ்வொரு எண்ணையும் கூப்பிட்டு விசாரித்து, 'சரிபார்த்தது', 'மீட்கப்பட்டார்' என்று பட்டியலில் குறித்தார்கள். கம்ப்யூட்டர் ஜோலிதான். ஆனாலும் அவர்கள் செய்தது, கார்டின் மூலையில் விட்டுப்போன தேதியைத் திரும்பப் போட்டதுதான். "போய்ச் சேர்ந்தேன்" என்ற பாட்டியின் கார்டும் அந்தப் பட்டியலில் இருந்தது.

2018-ல் வதந்திச் செய்திகளால் இந்தியாவில் பல இடங்களில் குற்றமற்றவர்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். தமிழ்நாடும் அதற்கு விலக்கல்ல. அந்த ஜூலையில் வாட்ஸப், கைமாறி வந்த செய்திக்கு அடையாளம் போடத் தொடங்கியது. ஒரே சமயத்தில் ஐந்து இடத்துக்கு மேல் தள்ள முடியாதபடி இந்தியாவில் கட்டும் போட்டது. ஆனால் 'கைமாறி வந்தது' என்று சொல்லத்தான் மெஷினுக்குத் தெரியும். 'யார் கையிலிருந்து, எப்போது' என்று நாம்தான் எழுத வேண்டும்.

ஐப்பசி வருஷா வருஷம் வருகிறது. உதவி கேட்டு எழுதுகிறவர்கள் இடமும் தேதியும் மணியும் பேரும் போடட்டும். தள்ளிவிடுகிறவர்கள் அந்த நாலும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத் தள்ளட்டும். படகு வந்து சேர்ந்தால், வந்து சேர்ந்தது என்று இன்னொரு வரி. அதை எழுத அரை நிமிஷம் ஆகுமா? அந்த அரை நிமிஷம் அடுத்த தெருவில் காத்திருப்பவருக்குச் சேரவேண்டியது.