வேதமும் வீட்டு வாழ்வும்: அசரியா அத்தியட்சர் சரித்திரம் கற்பிக்கும் பாடம்

நூலை ஓதுதல் எளிது. ஓதியவாறு ஒழுகுதல் அரிது. இஃது எம்மதத்தினர்க்கும் பொதுவான உண்மையாம். நம் சங்கத்து அங்கத்தினருள் ஆலயத்தில் தீபம் ஏற்றுவோரும் உளர். ஞாயிறுதோறும் தேவாலயம் செல்வோரும் உளர். ஒரே குடும்பத்தில் இருவகையினரும் இருத்தல் நம் தென்னாட்டில் புதுமையன்று. ஆதலின், கிறிஸ்தவ வேதத்தைப் பிரசங்க மேடையோடு நிறுத்தாமல், அடுப்படியிலும் விவாகப் பந்தலிலும் சாப்பாட்டுப் பந்தியிலும் கைக்கொள்ள முயன்ற ஒரு பெரியாரின் சரித்திரம் இருசாராருக்கும் பயன்படுமென்று கருதி இதனை எழுதப் புகுந்தோம். அவர் நம் குலத்தில் தோன்றியவர். அவர் பெயரை நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்கின்றோம். அப்பெருமைக்கு நாம் உரியவர்தாமா என்பதே இக்கட்டுரை கேட்கும் வினா.

தமிழர் கையில் புதிய ஏற்பாடு அச்சு நூலாக வந்தது தரங்கம்பாடியிலிருந்து. 1706ஆம் ஆண்டு அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் அதனைத் தமிழாக்கி, சில ஆண்டுகளில் அச்சிட்டு வெளியிட்டார். அந்நூற்றாண்டின் இறுதியில் அம்மார்க்கம் திருநெல்வேலிப் பனங்காட்டு ஊர்களிற் பரவிற்று. புதிதாக அதனைத் தழுவியோர் சொந்த ஊரில் துன்பமுற்றபோது, நம்மவராகிய தாவீது சுந்தரானந்தம் என்பார் முன்னின்று உழைக்க, அவர்களுக்கென 1799ஆம் ஆண்டு ஒரு தனிக் கிராமம் உண்டாயிற்று. அதுவே முதலூர். பின்னர் இவ்வாறான ஊர்கள் பல எழுந்தன. கோயிலை அடுத்துப் பள்ளிக்கூடமும் எழுந்தது. வேதத்தை வாசிக்கவேண்டுமாயின் எழுத்தறிவு வேண்டுமன்றோ? பனையேறியின் மகனும் மகளும் ஏடு பிடித்ததற்கு அவ்வேத வாசிப்பு ஒரு முக்கிய காரணம் என்பதை நம்முள் எவரும் மறுக்கமாட்டார்.

இப்பின்னணியில், திருச்செந்தூர்ப் பக்கத்து வெள்ளாளன்விளையில், 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17ஆம் தேதி பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. தந்தையார் தாமஸ் வேதநாயகம் கிராமத்துக் குருவானவர். தாயார் எலன் அம்மையார். நெடுநாள் பிரார்த்தித்துப் பெற்ற பிள்ளையாதலின், பழைய ஏற்பாட்டில் அன்னாள் என்பவள் வேண்டிப் பெற்ற மகனின் பெயரையே சாமுவேல் என்று சூட்டினர். பெயரிடுவதிலேயே வேதம் வீட்டிற்குள் வந்துவிட்டது. தந்தையார் இளமையிலேயே பிரிந்துவிட, தாயாரின் கண்டிப்பிலும் பக்தியிலும் அப்பிள்ளை வளர்ந்தது. மெஞ்ஞானபுரம், திருநெல்வேலி, சென்னை ஆகிய இடங்களில் கல்வி பயின்று, 1895ஆம் ஆண்டு கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் ஊழியத்தில் அமர்ந்தார்.

1898ஆம் ஆண்டு அவருக்கும் அன்பு அம்மையாருக்கும் விவாகம் நடந்தது. தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்டிருள் கல்லூரிப் படிப்புப் படித்த முதல் வரிசையினருள் அவ்வம்மையார் ஒருவர். வரதட்சிணை வேண்டா, நகை வேண்டா, கடன்பட்டுச் செய்யும் ஆடம்பரம் வேண்டா என்று மணமக்கள் உறுதி பூண்டனர். கடன்படாதிருக்கவேண்டுமென்பது அவர்கள் நாடோறும் வாசித்த நூலின் கட்டளை. அதை வாசித்தவர் பலர். விவாகப் பந்தலில் நினைவு கூர்ந்தவர் சிலரே. இன்றும் நம் குடும்பங்களில் ஒரு நாள் விருந்துக்காக வாங்கிய கடனைப் பல ஆண்டுகள் அடைப்போரை நாம் காணவில்லையா?

1902ஆம் ஆண்டு அசரியா யாழ்ப்பாணம் சென்றார். ஆண்டுள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பொருளைக்கொண்டு பிற ஊர்களுக்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டு, நம்மவர் மாத்திரம் அந்நியர் பணத்தையே எதிர்நோக்கியிருக்கலாமோ என்று உள்ளம் வருந்தினார். அதன் பயனாக 1903ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 12ஆம் தேதி பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரிச் சங்கம் தோன்றிற்று. இந்தியர் பொருள், இந்தியர் ஊழியம், இந்தியர் நிர்வாகம் என்பதே அதன் கொள்கை.

இனி 1910ஆம் ஆண்டைக் கவனிப்போம். அவ்வாண்டு பெப்ருவரி மாதத்தில், தரங்கம்பாடிக்கு அண்மையிலுள்ள பொறையாற்றில், ராவ் பகதூர் த. ரத்தினசாமி நாடார் முயற்சியால் நாடார் மகாஜன சங்கம் உதயமாயிற்று. அதற்குள் நம் முன்னோர் பட்ட அவமானம் கொஞ்சமன்று. மேலாடை அணியும் உரிமைக்காகத் திருவிதாங்கூரில் நம் பெண்மக்கள் 1859ஆம் ஆண்டு ராஜ விளம்பரம் வரும்வரை போராடவேண்டியிருந்தது. 1897ஆம் ஆண்டு கமுதிக் கோயிலுள் நம்மவர் புகுந்ததைப் பற்றிய வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று, 1908ஆம் ஆண்டு நமக்கு விரோதமாகவே முடிந்தது. எங்களையும் மனிதராக மதியுங்கள் என்று நாம் சங்கம் கூடி முறையிட்டது அந்நிலையிலேதான்.

அதே 1910ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஸ்காத்லாந்து தேசத்து எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மகாநாடு கூடிற்று. ஆண்டு வந்திருந்தவர் பெரும்பாலும் ஐரோப்பியரும் அமெரிக்கரும். அவர்கள் நடுவே முப்பத்தைந்து வயதுள்ள அசரியா எழுந்து பேசினார். இந்தியருக்காக மிஷனெரிகள் செய்த தியாகத்தை அவர் மறுக்கவில்லை. ஆயினும், உடன் உழைக்கும் இந்தியரைச் சமமாக நடத்தாமலும், வீட்டிற்கு அழைத்து உணவருந்தாமலும் இருக்கும் குறையை முகத்துக்கு நேரே எடுத்துக்காட்டி, எல்லாவற்றுக்கும் மேலாகத் தங்கள் சிநேகத்தையே நாங்கள் வேண்டுகிறோம் என்னும் கருத்தை வற்புறுத்தினார். சிலர் மகிழ்ந்தனர், சிலர் முகஞ்சுளித்தனர். இப்பேச்சை நாம் இன்றும் புகழ்கின்றோம்.

ஆனால் மேலே உள்ளவரிடம் சமத்துவம் கேட்பது பாதி வேலைதான். கேட்டதைத் தமக்குக் கீழென்று உலகம் வைத்திருப்போருக்குத் தாமே கொடுப்பதன்றோ மறுபாதி? அசரியாவின் பெருமை முழுவதும் இம்மறுபாதியிலே இருக்கின்றது.

அவர் 1909ஆம் ஆண்டிலேயே குருப்பட்டம் பெற்று, தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல் என்னும் ஊருக்கு ஊழியராகப் புறப்பட்டிருந்தார். தமிழை விட்டுத் தெலுங்கு கற்றார். அங்கு அவரை நாடி வந்தோர் யாவர்? பெரும்பாலும் மாலர், மாதிகர் என்று ஊருக்குப் புறத்தே ஒதுக்கி வைக்கப்பட்ட ஏழைக் கூலிக்காரர். 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் தேதி கல்கத்தாவில் அவர் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலத் திருச்சபையில் அப்பதவியை அடைந்த முதல் இந்தியர் அவரே. அப்படிப்பட்டவர் மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்று, அக்குடிசைகளில் தங்கி, அம்மக்களோடு அமர்ந்து உண்டார். தங்களுக்குள்ளே மேல் கீழ் பாராட்டிய மாலரையும் மாதிகரையும் ஒரே பந்தியிலும் ஒரே நற்கருணைப் பாத்திரத்திலும் சேர்க்கப் பாடுபட்டார். கிறிஸ்துவுக்குள் பேதமில்லையென்ற வேத வசனம் அவருக்குப் பாராயணமன்று; சோற்றுப் பந்தியில் நிறைவேற்றவேண்டிய கடமை.

ஞானஸ்நானம் பெறுவோர் தத்தம் தலைமேல் கை வைத்து, தாம் பெற்றதைப் பிறருக்குச் சொல்லாமலிருந்தால் தமக்கு ஐயோ என்னும் பவுலடியார் கருத்தைத் தம் வாயாலேயே அறிக்கையிடச் செய்வது அவர் வழக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் இவ்வண்ணம் வேதம் உடம்பிலே பதிந்தது. குடியை விடுதல், கடன்படாமை, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல், நாடோறும் ஜெபித்தல் ஆகியவையே அவர்கள் கற்ற தேவ சாஸ்திரம். ஊழியருக்குப் போதிக்குமிடத்து அவர்தம் மனைவியருக்கும் உடன் போதித்தனர். அன்பு அம்மையார் அப்பெண்கள் நடுவே இடைவிடாது உழைத்தார்.

கொடைக்கு ஏழ்மை தடையென்று அசரியா ஒப்பவில்லை. அடுப்பில் உலை வைக்கும்போது பெண்கள் அன்றைய அரிசியில் ஒரு பிடியைத் தனிக் கலத்தில் போட்டுவைத்து, வாரந்தோறும் கோயிலுக்குக் கொணர்ந்தனர். நம் தாய்மார் பிடியரிசிக் கலயத்தை நன்கறிவர். உள்ளவன் மிச்சத்தில் கொடுப்பதும், இல்லாதவள் உலையிலிருந்து கொடுப்பதும் ஒன்றாகா. தம்மைப் பெறுபவரென்றே எண்ணி வந்த ஏழை, தானும் கொடுப்பவன் என்று நிமிர்ந்து நிற்கக் கற்றான். 1930க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் அம்மாகாணத்துத் திருச்சபையார் தொகை இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டது.

1939ஆம் ஆண்டு ஜனவரியில் தோர்ணக்கல் பேராலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இந்துக் கோயில்களின் சாயலும், மகம்மதியக் கட்டடங்களின் சாயலும் அதிற் கலந்திருத்தலைக் காணலாம். அதே ஆண்டு ஜூலை மாதம் 8ஆம் தேதி, மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட வகுப்பினரை அழைத்துச் சென்றார். அக்குழுவில் கக்கன் முதலியவர்களோடு உடன் நடந்தவர் விருதுநகர் சண்முக நாடார். ஒருவர் கிறிஸ்தவர், ஒருவர் இந்து. ஒருவர் தோர்ணக்கல்லிலும் ஒருவர் மதுரையிலும் செய்தது ஒரே தர்மம். தமக்குத் திறந்த வாயிலில் தமக்குப் பின்னாலிருப்பவரையும் கைபிடித்து அழைத்துச் செல்லுதலே அத்தர்மம்.

அசரியா அத்தியட்சர் 1945ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி காலமானார். அவர் நெடுங்காலம் உழைத்த சபை ஐக்கியம், 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் தேதி சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறிற்று. அதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இனி நம் மேனாம்பேட்டுக்கு வருவோம். அம்பத்தூரில் 1964ஆம் ஆண்டு தொழிற்பேட்டை ஏற்பட்டபின், தென் ஜில்லாக்களிலிருந்து பிழைப்புத் தேடி இப்பக்கம் வந்தவர் அநேகர். நம் குடும்பங்களும் அவ்வாறு வந்தவைதாம். கையில் ஒரு டிரங்குப் பெட்டியுடன் வந்து நின்ற நம் பெரியோருக்கு, குலம் கோத்திரம் விசாரியாமல் திண்ணையும் அறையும் கொடுத்தவர் இருந்தனர். விசாரித்துக் கதவைச் சாத்தியவரும் இருந்தனர். இன்று கடையும் மாடிவீடும் நம்முடையவை. வாடகைக்கு வீடு கேட்டு ஒரு தொழிலாளி நம் வாசலில் வந்து நிற்கிறான். நாம் அவனை முதலில் கேட்கும் கேள்வி என்ன? சுவரிலே வேதவசனம் எழுதிய படம் தொங்குகின்றது. அதன் கீழிருந்தே அவன் ஜாதியை மறைமுகமாக விசாரிக்கின்றோம். குறளும் கீதையும் வைத்திருக்கும் வீட்டிலும் இவ்வாறே நிகழ்கின்றது.

ஜாதியின் பெயரால் கூடிய சங்கத்தின் இதழில் இதை எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். எழுதவேண்டிய இடம் இதுவே என்பது நம் துணிபு. தாழ்த்தப்பட்டவர் தலைநிமிரக் கூடிய சங்கம், பிறர் தலையைத் தாழ்த்தும் வேலியாதல் தகாது. அசரியாவை நம்மவரென்று சொல்லிக்கொள்ள விரும்பும் ஒவ்வொரு குடும்பத்தாரும், இம்மாதம் வீட்டில் வேதம் வாசித்து முடித்தவுடன், நம் பந்தியில் இதுவரை அமராதவர் யார், நம் வாசலில் திருப்பியனுப்பப்பட்டவர் யார் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பாராக. எண்ணியபின் அடுத்துக் கதவைத் தட்டுபவருக்குச் சொல்லும் மறுமொழியிலே, நாம் ஓதிய வேதம் எது என்பது விளங்கும்.