ஆற்றோடு போன சான்றிதழ்கள்

நம் கல்லூரி லேபில் டிபேஸ் படித்தவர்களுக்கு அந்த அர்ச்சனை நினைவிருக்கும்: "ஃபைலை ரெண்டு ஃப்ளாப்பியில எடு, ஒண்ணை வீட்ல வை." இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு, இரண்டிலும் பூஞ்சை பிடிக்க விட்டவர்களில் அடியேனும் ஒருவன்.

அந்தப் பாடம் எனக்கு உறைத்தது பட்டினப்பாக்கத்தில்தான். அடையாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது சீனிவாசபுரம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கடல் பக்கமாக வந்தது. 2015 டிசம்பர் முதல் வாரம் வெள்ளம் ஆற்றுப் பக்கமாக வந்தது. செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்ட சமயம். ரேஷன் கார்டு, மார்க் ஷீட் எல்லாம் ஒரே டிரங்குப் பெட்டியில். ஜெராக்ஸும் அதிலேயே!

அந்த மாதமே அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி, கட்டணமில்லாமல் மாற்று ஆவணங்கள் வழங்க ஏற்பாடு செய்தது. எப்படி முடிந்தது? நம் வீட்டில் இருப்பது பிரதிதான். மூலப் பதிவு தேர்வுத் துறையிலும் தாலுகா ஆபீஸிலும் இருக்கிறது. ஆனால் தேடி எடுக்கப் பதிவெண் வேண்டுமே! டிபேஸில் இண்டெக்ஸ் என்று படித்தோமே, அதே சங்கதி.

"பிளஸ் டூ நம்பர் ஞாபகம் இல்ல சார்" என்று விழித்தான் ஒரு தம்பி.

"படிச்ச ஸ்கூல்ல கேளுப்பா, ரெஜிஸ்டர் இருக்கும்" என்றேன்.

மூன்றாம் நாள் நம்பரோடு வந்தான். மாடி அறையில் இருந்த பழைய பேரேட்டில், பேனா மையில் எழுதியிருந்ததாம்.