எளிமையும் வலிமையும்: பெருங்களத்தூர் தரும் பாடம்

மணிமங்கலம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது போர்க்களம்தான். முதலாம் நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியை வென்ற இடங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடு இவ்வூரைக் குறிப்பிடுகிறது. இன்று விடியற்காலையில் இவ்வூர்ச் சாலையில் விரைபவை, ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் வேன்கள். அவற்றுள் பழையதொன்றின் எஞ்சின் ஓய்ந்துவிட்டால், உள்ளூர்ப் பட்டறையிலேயே பிரித்துப் பூட்டக்கூடிய எளிய எஞ்சினை வைப்பதா, விசை மிக்க புதியதை வைப்பதா என்ற கேள்வி எழுகிறது. உரிமையாளரின் மாதத் தவணையும் வீட்டுச் செலவும் அதற்கான விடையில் தொங்குகின்றன.

இக்கேள்வியை மணிமங்கலத்துக்குக் கிழக்கே, பெருங்களத்தூரில் ஒரு தொழிற்சாலையே எதிர்கொண்டது. 1948இல் தோன்றிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் ஆலை அது. ஹெரால்டு, கெஸல் கார்களோடு 'ஸ்டாண்டர்ட் 20' என்ற வேனும் அங்கே உருவானது.

அவ்வேனின் மூதாதை, 1958இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'அட்லஸ்'. சிறிய காருக்கென அமைந்த 948 சி.சி. எஞ்சினை அதில் பொருத்தியிருந்தார்கள். எளிய எஞ்சின்தான், ஆனால் சுமையேற்றிய வேனை இழுக்கத் திணறியது. சில ஆண்டுகளில் அதன் இடத்தில் 1670 சி.சி. எஞ்சின் வந்தது.

இப்புதிய எஞ்சின் 'வேன்கார்ட்' காரின் எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஃபெர்குசன் டிராக்டரை உழவைத்ததும் டிரையம்ஃப் பந்தயக் கார்களை ஓடவைத்ததும் அதே குடும்பம்தான். இதில் சிலிண்டர்கள் தனித்தனிக் குழாய்களாகச் செருகப்பட்டிருக்கும். அவற்றைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும். தேய்ந்தால் குழாயை உருவி எடுத்துப் புதியதைச் செருகினால் போதும். எஞ்சின் உடலைக் கடைய வேண்டியதில்லை. பிஸ்டன் செல்லும் 92 மில்லிமீட்டர் தூரத்தை மாற்றாமல், குழாயின் விட்டத்தை மட்டும் 76, 83, 85 என மாற்றியே 1670, 1991, 2088 சி.சி. எஞ்சின்களைப் பெற்றார்கள். வேனைப் பொறுத்தவரை எளிமையும் வலிமையும் இங்கே ஒன்றுசேர்ந்தன.

அதே குடும்பத்தின் 1991 சி.சி. எஞ்சினை 1985இல் பெருங்களத்தூர் ஆலை 'ஸ்டாண்டர்ட் 2000' என்ற சொகுசுக் காரில் வைத்தது. காரின் உடலோ 1976இல் 3.5 லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சினோடு வந்து, 1977ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கார் விருதைப் பெற்ற ரோவர் எஸ்.டி.1 உடையது. அந்த எஞ்சினின் 155 குதிரைத்திறன் இருந்த இடத்தில் இப்போது ஏறத்தாழ 83 மட்டுமே. வேன்கார்ட் எஞ்சினுக்கான கருவிகள் ஏற்கெனவே கையிலிருந்தன என்பது இத்தேர்வுக்குக் காரணம். விலை உயர்வு, வேகம் குறைவு, எரிபொருள் செலவோ மிகுதி. மாருதியின் சிறிய கார்கள் வந்துவிட்ட காலத்தில் அது எடுபடவில்லை. 1988இல் உற்பத்தி நின்றது; ஆலையும் மீளவில்லை.

டிராக்டரிலும் வேனிலும் நற்குணமாக இருந்த எளிமை சொகுசுக் காரில் குறையாகிப் போனது. எஞ்சின் பழுதுபட்டுவிடவில்லை; அதனிடம் கேட்கப்பட்ட வேலைதான் வேறு. ஆகவே எளிமையையோ வலிமையையோ தனித்து எடைபோடுவது பிழை என்றே நாம் கருதுகிறோம். முழுச் சுமையை ஏற்றியபின் திணறாமல் இழுக்குமா என்பதே முதற்கேள்வி. அத்தேர்வில் தேறுபவற்றுள் மிக எளியதைத் தேர்வது அறிவுடைமை. அதற்கு மேலான விசையைப் பழைய கிளட்சும் கியர்பாக்ஸும் பிரேக்கும் தாங்க வேண்டும். காமன் ரயில் டீசல் எஞ்சினென்றால் உணரிகளும் கட்டுப்பாட்டுக் கணினியும் கூடவே வரும். எதைப் பொருத்தினாலும் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவின்படி பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும்.

மணிமங்கலம் சாலையில் மலையேற்றம் இல்லை. ஆனால் வேன் ஒருநாள் நின்றாலும் முதல் ஷிப்டுக்கு ஆள் போய்ச் சேராது. அன்று மாலைக்குள் எந்த எஞ்சினை நம்மூர்ப் பட்டறை எழுப்பிவிடுமோ, அதுவே நம் தேர்வு.