இரு பேரரசுகளிடையே ஒரு கான்



அரசன் என்றதும் கோட்டையும் கொத்தளமும் நம் மனக்கண்ணில் எழுகின்றன. இன்று நான் சொல்லவிருக்கும் அப்லாய் கானோ, மந்தைகளோடு புல்வெளியில் இடம்பெயர்ந்து திரிந்த கசாக் மக்களை ஆண்டவன். வெண்கம்பளத்தில் இருத்தி உயரத் தூக்குவதே அவர்களது முடிசூட்டு விழா.

1711 இல் பிறந்த அவனது இயற்பெயர் அபுல்மன்சூர். 1723 இல் கிழக்கிலிருந்து சுங்காரியர் படையெடுத்தனர். கசாக் மக்கள் உடைமைகளைக் கைவிட்டு வெறுங்காலோடு ஓடினார்கள். தந்தையை இழந்த அரசகுமாரன் கந்தலுடுத்து, பிறர் மந்தையை மேய்த்து வளர்ந்தான் என்பது மரபுக்கதை.

தலைவனாக உயர்ந்தபின், 1740 இல் ருஷ்யாவுக்கு விசுவாசப் பிரமாணம் செய்தான். சிறிது காலத்தில் சுங்காரியரிடம் சிறைப்பட்டு, 1743 இல் மீண்டான். பின்னர் சீனப் பேரரசு சுங்காரியரை நசுக்கியது. தப்பியோடிய சுங்காரியத் தலைவன் அமுர்சனாவுக்கு, பழம்பகையைப் பாராமல், அப்லாய் அடைக்கலம் கொடுத்தான். அவனைத் துரத்தி வந்த சீனப் படையோடு பொருதினான். ஆயினும் 1757 இல் சியென்லுங் பேரரசருக்குப் பணிந்து தூதனுப்பினான். மறுஆண்டே ஊரும்சி சந்தையில் கசாக் குதிரைகள் சீனப் பட்டுக்கு விலைபோயின.

இருவருக்கும் தலைவணங்கிய இவனை இரட்டை வேடக்காரன் என்பதா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஒருவருக்கு மட்டும் பணிந்திருந்தால் அவருக்கே இரையாகியிருப்பான். இருவருக்கும் பணிந்ததால் ஒருவருக்கும் அடிமையாகவில்லை.

1771 இல் அவன் கானாகத் தெரிவுசெய்யப்பட்டான். ருஷ்யப் பேரரசி இரண்டாம் கத்தரீன் 1778 இல் அவனை நடு ஜூஸ் எனும் பிரிவுக்கு மட்டுமே கானாக ஏற்றாள். அதற்கான பிரமாணம் செய்ய ருஷ்யக் கோட்டைக்கு வரும்படி அழைத்தபோது அவன் போகவில்லை. 1781 இல் மறைந்தவனை துர்கிஸ்தான் நகரில், அகமது யசாவியின் சமாதி மண்டபத்தில் அடக்கம் செய்தனர்.

அவன் காத்த சமநிலை அவனோடு போயிற்று. அது ஒரு மனிதனின் சாதுரியத்தில் தங்கியிருந்ததே காரணம் என்பேன். 1822 இல் ருஷ்யச் சட்டமொன்று நடு ஜூஸில் கான் பதவியையே ஒழித்தது. அதை மீட்க 1837 இல் வாளெடுத்த பேரன் கெனெசாரி, 1847 இல் கொல்லப்பட்டான்.

1991 இல் கசகஸ்தான் சுதந்திரம் பெற்றது. ஈராண்டுகளின் பின் வெளியிட்ட 100 தெங்கே நாணயத்தாளில் அப்லாயின் முகத்தைப் பொறித்தது. வடக்கே ருஷ்யா, கிழக்கே சீனா. அந்த நாட்டின் அயலவர் மாறவில்லை. அவன் கதை அங்கே பழங்கதையாகாததற்கு அதுவே காரணம்.