வேகமானியின் கோடுகள் காட்டாத எல்லை

1950இல் ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேன் உற்பத்திக்கு வந்தபோது அதன் டேஷ்போர்டில் ஆர்.பி.எம். மீட்டர் இல்லை. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அந்த வேனைப் படுத்துறங்கும் கேம்பராக மாற்றத் தொடங்கியது. மீட்டர் அப்போதும் வரவில்லை. இதைச் சிக்கனம் என்று மட்டும் சொல்லித் தள்ளுவது நியாயமல்ல. கீழ் கியர்களில் எந்த வேகம் வரை போகலாம் என்பதற்கு வேகமானியின் முகப்பிலேயே கோடுகள் போட்டிருந்தார்கள். ஒரே கியரில் ஓடும்வரை வேகமும் இன்ஜின் சுழற்சியும் ஒரே விகிதத்தில் கூடும் என்பதால் அது நேர்மையான ஏற்பாடுதான்.

ஆனால் அந்தக் கோடுகள் மேல் எல்லையை மட்டுமே காட்டின. காற்றால் குளிரும் இந்த இன்ஜினில் விசிறியைச் சுற்றுவதும் கிராங்க்ஷாஃப்டே. பாரம் ஏற்றிய கேம்பர் மேட்டுச் சாலையில் மேல் கியரிலேயே திணறி ஏறினால், சூடு கூடும் நேரம் பார்த்துக் காற்று குறைகிறது. அந்தக் கீழ் எல்லையைக் காட்ட ஆர்.பி.எம். மீட்டர் வேண்டும். காது போதாதா என்பார்கள். ஓட்டுநர் முன்கோடியில் உட்கார்ந்திருக்க, இன்ஜின் பின்கோடியில் இருக்கிறது. கியர்பாக்ஸையோ டயர் அளவையோ மாற்றிய வண்டியில் பழைய கோடுகளையும் நம்ப முடியாது. அசல் தோற்றம் குலையுமே என்ற கவலை மதிக்கத்தக்கது. ஆயினும் 1967க்குப் பிந்தைய இரண்டாம் தலைமுறையில், கடிகாரத்துக்கான வட்டத்திலேயே மீட்டரைப் பொருத்தலாம். டேஷ்போர்டைத் துளைக்க வேண்டியதில்லை. சுழற்சியை அறிய இக்னிஷன் காயிலின் மைனஸ் முனையிலிருந்து ஒரு கம்பி போதும்: நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகள் அனுப்பும்.