நித்திரைக் குளிசையும் உதைபந்தாட்டத் தொழிலாளியும்: ஒரு வரலாற்று நோக்கு

இங்கிலாந்தின் உதைபந்தாட்ட வரலாற்றினை அந்நாட்டுத் தொழிலாளரின் ஓய்வுநேர வரலாற்றிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது. 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளிற் பெண்களும் இளையோரும் சனிக்கிழமைகளிற் பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் வேலைசெய்தலைத் தடைசெய்தது. அவர்களின்றி ஆலைகள் இயங்கமுடியாமையால், நடைமுறையில் ஏனைய தொழிலாளரும் அந்நேரத்துடன் விடுபட்டனர். படிப்படியாகப் பிற தொழில்களுக்கும் பரவிய இச்சனிக்கிழமை அரைநாள் ஓய்வே ஆட்டக்காரரையும் பார்வையாளரையும் மைதானங்களுக்குக் கொண்டுவந்தது. ஆட்டங்கள் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் வழக்கம் இதன் பேறேயாகும். 1885இற் கூலிபெற்று ஆடுதல் அனுமதிக்கப்பட்டது. 1888இற் பன்னிரண்டு கழகங்கள் இணைந்து லீக் போட்டியினை ஆரம்பித்தன. உழைப்போர் பெற்றுக்கொண்ட ஓய்வினின்றும் ஒரு புதிய தொழில் பிறந்தது. அத்தொழிலுக்கெனப் புதியதொரு தொழிலாளியும் பிறந்தான்.

அத்தொழிலாளியின் ஓய்வுக்கு என்ன நேர்ந்தது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

இவ்வினாவினை அண்மைக்காலத்தில் உலகின் முன் வைத்தவர் டெலே அலி என்னும் ஆட்டக்காரர். 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளிலும் இங்கிலாந்தின் சிறந்த இளம் ஆட்டக்காரருக்கான விருதினைச் சக ஆட்டக்காரரின் வாக்குகளாற் பெற்றவர். 2018ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காலிறுதியிற் சுவீடனுக்கெதிராகக் கோல் அடித்தவர். 2023 யூலையில், முன்னாள் ஆட்டக்காரரான கரி நெவிலுக்கு அளித்த நேர்காணலில், தாம் நித்திரைக் குளிசைகளுக்கு அடிமைப்பட்டிருந்ததாகவும் ஐக்கிய அமெரிக்காவில் ஆறு வாரங்கள் தங்கிச் சிகிச்சை பெற்றதாகவும் அவர் வெளிப்படையாகக் கூறினார். சிறுபராயத்தில் தாம் அனுபவித்த கொடுமைகளையும் அதனோடு சேர்த்தே சொன்னார். இப்பிரச்சினை தமக்கு மட்டும் உரியதன்று, உதைபந்தாட்ட உலகில் மற்றோர் நினைப்பதிலும் பரவலாக உண்டு என்பதும் அவர் கூற்றாகும். பத்திரிகைகள் அவர் வாழ்க்கைத் துயரினை விரிவாக எழுதின. ஆயின், அவருடைய இறுதிக் கூற்று உரிய கவனத்தைப் பெற்றதெனக் கூறமுடியாது. தனியொருவரின் துயராக மட்டும் நோக்குமிடத்து இப்பிரச்சினையின் வரலாற்று வேர்கள் மறைந்துவிடுகின்றன.

ஆட்டக்காரன் ஒரு தொழிலாளியா என்ற வினா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுந்தது. 1901இல் வாரமொன்றுக்கு 4 பவுண் என்ற உச்சச் சம்பள வரம்பு விதிக்கப்பட்டது. 1907 டிசெம்பரில், பில்லி மெரெடித், சார்ள்ஸ் ரொபேட்ஸ் முதலியோரின் முயற்சியால் மான்செஸ்ரர் நகரில் ஆட்டக்காரர் தொழிற்சங்கம் தோற்றம்பெற்றது. 1906ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின்கீழ்க் காயமுற்ற ஆட்டக்காரன் நட்டஈடு கோரலாமா என்ற வழக்கொன்று சில ஆண்டுகளுள் மேன்முறையீட்டு நீதிமன்றினை அடைந்தது. கிறிஸ்ரல் பலஸ் கழகத்துக்கெதிரான அவ்வழக்கில், ஆட்டத்தின்போது ஆட்டக்காரன் தன் திறமைக்கேற்பச் சுயமாக இயங்குபவனாதலின் அவன் தொழிலாளியல்லன் என வாதிடப்பட்டது. நீதிமன்று இவ்வாதத்தினை ஏற்கவில்லை. பயிற்சியிலும் ஆட்டத்திலும் கழகத்தின் பணிப்புகளுக்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டவன் தொழிலாளியே எனத் தீர்ப்பாயிற்று.

இதன் பின்னர் நிகழ்ந்த போராட்டங்கள் பெரும்பாலும் இரு இலக்குகளை நோக்கியவை. ஒன்று சம்பளம், மற்றையது கழகம் மாறும் சுதந்திரம். 20 பவுணாக உயர்ந்திருந்த உச்சச் சம்பள வரம்பு, ஜிம்மி ஹில்லின் தலைமையில் தொழிற்சங்கம் வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தமானதன் விளைவாக, 1961இல் ஒழிக்கப்பட்டது. 1963இல் ஜோர்ஜ் ஈஸ்ற்றம் தொடுத்த வழக்கில், ஆட்டக்காரனைக் கழகத்தோடு கட்டிவைத்த முறைமை நியாயமற்ற தொழிற்றடை என நீதியரசர் வில்பஃபோஸ் தீர்ப்பளித்தார். 1995ஆம் ஆண்டின் பொஸ்மன் தீர்ப்பு அச்சுதந்திரத்தை ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் விரிவாக்கியது. இவை பெரும் வெற்றிகள் என்பதில் ஐயமில்லை. எனினும், ஏனைய தொழிலாளர் இயக்கங்கள் சம்பளத்தோடு வேலைநேரத்தையும் தம் முதற் கோரிக்கையாகக் கொண்டிருக்க, உதைபந்தாட்டத்தில் நேரம் பற்றிய அதிகாரம் மற்றையோர் கையிலேயே தங்கிவிட்டது. எத்தனை ஆட்டங்கள், எந்நாளில், எம்மணிக்கு என்பவற்றைத் தீர்மானிப்பதில் ஆட்டக்காரருக்கு இருந்த பங்கு மிகச் சிறிதேயாகும்.

அந்நேரமோ மாறிக்கொண்டே வந்தது. 1956 பெப்ரவரி 22ஆந் திகதி போட்ஸ்மத், நியூகாசில் கழகங்களுக்கிடையே மின்னொளியின்கீழ் முதலாவது லீக் ஆட்டம் நடைபெற்றது. ஐரோப்பியக் கிண்ணப் போட்டியும் அக்காலத்திலேயே தொடங்கியமையால், வாரநாள் இரவாட்டங்கள் வழமையாயின. 1992இல் பிரிமியர் லீக் உருவாகித் தொலைக்காட்சி ஒப்பந்தங்கள் வருமானத்தின் அடித்தளமாகியபோது, ஞாயிறு மாலையும் திங்கள் இரவும் ஆட்டநேரங்களாயின. தொழிலாளியின் சனிக்கிழமைப் பிற்பகலுக்கு ஏற்ப அமைந்திருந்த ஆட்டம், ஒளிபரப்பாளரின் கால அட்டவணைக்கு ஏற்ப மாறியது. இரவு 8 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் ஏறத்தாழ 10 மணிக்கு முடிவுறும். அதன்பின் சிகிச்சை, நேர்காணல், பிரயாணம். மிகுந்த ஒளியும் ஆரவாரமும் போட்டியின் கிளர்ச்சியும் உடலை விழிப்பு நிலையில் வைத்திருக்க, வீடு சேர்பவன் விடியும்வரை கண்ணயராதிருத்தல் வியப்பன்று. மறுநாட்காலைப் பயிற்சியோ அவனுக்காகக் காத்திருக்கும்.

இவ்விடைவெளியிலேதான் குளிசை நுழைகின்றது. உதைபந்தாட்டத்திற் குளிசை புதியதன்று. 1925இல், வெஸ்ற் ஹாம் கழகத்துக்கெதிரான கிண்ணப் போட்டிக்காகத் தம் ஆட்டக்காரருக்கு ஊக்கக் குளிசைகள் கொடுத்ததை ஆர்சனல் கழகத்தின் அன்றைய முகாமையாளர் லெஸ்லி நைற்றன் தமது தன்வரலாற்றிற் பின்னர் எழுதினார். 1963இல் லீக் வெற்றிபெற்ற எவர்ட்டன் கழகத்தில் ஊக்கக் குளிசைகள் பயன்பட்டன என்ற குற்றச்சாட்டு, அதன் முன்னாட் பந்துக்காப்பாளர் வாயிலாக 1964இற் பத்திரிகையொன்றில் வெளிவந்தது. இவை விழிப்பூட்டும் குளிசைகள். விழிப்பூட்டப்பட்ட உடலைத் துயிற்றுதற்கு வேறொரு குளிசை வேண்டியிருத்தல் இதன் மறுபக்கமாகும். இத்தொடர்பினைத் தெளிவாக எடுத்துக்காட்டிய நிகழ்ச்சியொன்று 2012 ஒக்ரோபரில் வார்சோ நகரில் இடம்பெற்றது. பெருமழையால் இங்கிலாந்து–போலந்து ஆட்டம் மறுநாளுக்குப் பிற்போடப்பட்டது. ஆட்டத்துக்கெனக் கபீன் குளிசைகளை முன்னரே உட்கொண்டிருந்த ஆட்டக்காரர் சிலர், அன்றிரவு உறங்குதற்கு நித்திரைக் குளிசைகளை உட்கொண்டனர் என்ற செய்தி வெளிவந்தது. இதில் விதிமீறல் எதுவுமில்லை. விதிமீறல் இல்லை என்பதே சிந்தனைக்குரியது.

நித்திரை மருந்துகளின் வரலாறும் எச்சரிக்கையூட்டுவதே. 1903இல் எமில் பிஷர், யோசெப் வொன் மேரிங் ஆகியோர் அறிமுகஞ்செய்த வெரோனல், பார்பிற்றுரேற்று வகை மருந்துகளின் முன்னோடியாயிற்று. அவை அடிமைப்படுத்தின, அளவு மீறியபோது உயிரையும் போக்கின. 1960களிற் பென்சோடயசெபீன் வகை மருந்துகள் பாதுகாப்பானவை என வரவேற்கப்பட்டன. பின்னர் அவையும் அடிமைப்படுத்துவன எனத் தெரியவந்தது. அடுத்து வந்த சொபிக்லோன், சொல்பிடெம் ஆகியவற்றின் கதையும் இதுவே. பழகிய உடலுக்குப் பழைய அளவு போதாமற் போகின்றது. நிறுத்தினால் முன்னையினும் கடுமையாகத் தூக்கமின்மை திரும்புகின்றது. இதனாலேயே பிரித்தானியாவில் சொல்பிடெம் நான்கு வாரங்களுக்கு மேற்படாத குறுங்காலப் பாவனைக்கே அனுமதிக்கப்பட்டுள்ளது. ஒரு போட்டிப் பருவமோ ஏறத்தாழப் பத்து மாதங்கள் நீடிப்பது. குறுங்காலத்துக்கென உருவாகிய மருந்து நெடுங்காலத் தேவையொன்றினை எதிர்கொள்ளும்போது விளைவது யாதென ஊகித்தல் கடினமன்று.

ஊக்கமருந்துத் தடைமுறை இதனைத் தடுக்காதா எனச் சிலர் வினவலாம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்தின் விதிகளின்படி, ஆற்றலைக் கூட்டுதல், உடல்நலத்துக்குத் தீங்காதல், விளையாட்டின் அறத்துக்கு மாறாதல் என்னும் மூன்று அளவைகளில் இரண்டேனும் பொருந்தும் பொருளே பட்டியலிற் சேர்க்கப்படலாம். தீங்கு மட்டும் போதுமானதன்று. சொபிக்லோனும் சொல்பிடெமும் அப்பட்டியலில் இல்லை. வலிநீக்கியான ட்ரமடோல் 2024 சனவரி முதலாந் திகதியிலிருந்தே போட்டிவேளையிற் தடைசெய்யப்பட்டது. இங்கிலாந்தின் முன்னாட் பந்துக்காப்பாளர் கிறிஸ் கேர்க்லன்ட், முதுகுவலிக்காக வலிநீக்கிகளை உட்கொண்டு அவற்றுக்கு அடிமையானமையை 2022இல் வெளிப்படுத்தியிருந்தார். தடைப்பட்டியலின் முதன்மை நோக்கம் போட்டியின் நேர்மையைக் காத்தலாகும். ஆட்டக்காரனைக் காக்கும் பொறுப்பினை அதனிடம் ஒப்படைத்தல் பொருந்தாது. நித்திரைக் குளிசையையும் பட்டியலிற் சேர்த்தல் வேண்டும் என்பாரும் உளர். அவ்வாறு செய்யின், உதவிநாடி வரவேண்டியவன் தண்டனைக்கஞ்சி மறைந்துகொள்வான். அலி பேசியமையாற் கிடைத்த பயனும் அற்றுப்போகும்.

இவ்விடத்து எழக்கூடிய பிறிதோர் ஆட்சேபத்தையும் நோக்குதல் தகும். வாரந்தோறும் பெருந்தொகை பெறுவோர்மீது இரக்கங் கொள்வதேன் என்பதே அது. இங்கிலாந்தின் நான்கு உயர் பிரிவுகளில் 92 கழகங்கள் உள்ளன. அவற்றில் ஆடுவோர் அனைவரும் செல்வந்தரல்லர். குறுகிய ஒப்பந்தத்தில் வாழ்பவன் தன் தூக்கமின்மையையோ வலியையோ வெளியிட்டால் இடம் பறிபோகும் என அஞ்சுகின்றான். அவனைப் பரிசோதிக்கும் வைத்தியரும் கழகத்திடமே ஊதியம் பெறுபவர். நோயாளியின் நலனும் சனிக்கிழமை அணியின் தேவையும் முரண்படுமிடத்து, நேர்மையான வைத்தியரும் இருபக்க நெருக்குதலுக்கு உள்ளாதல் இயல்பு. உயர்சம்பளம் பெறுபவனுக்கும் இது பொருந்தும். அவனுடைய விலை உயர உயர, அவனை ஓய்வின்றி ஆடச்செய்வதில் முதலீட்டாளர் கொள்ளும் அக்கறையும் உயர்கின்றது.

சிகிச்சை முயற்சிகள் இல்லாமலில்லை. மதுவுக்கு அடிமையாயிருந்து மீண்ட ஆர்சனல் அணித்தலைவர் ரோனி அடம்ஸ், 2000ஆம் ஆண்டில் ஸ்போட்டிங் சான்ஸ் என்னும் சிகிச்சை நிலையத்தை நிறுவினார். அது பலருக்குக் கைகொடுத்துள்ளது. ஆயினும், சிகிச்சை விழுந்தவனைத் தூக்குகின்றதேயன்றி, விழச்செய்யும் காரணத்தை நீக்குவதில்லை. அக்காரணத்தை நோக்கிய போராட்டம் இப்போதுதான் வலுப்பெறுகின்றது. 2024 யூனில், இங்கிலாந்து, பிரான்சு ஆட்டக்காரர் சங்கங்கள் போட்டி நாட்காட்டி தொடர்பாக உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்கெதிராகப் பிரசெல்ஸ் நீதிமன்றை நாடின. 2025இல் 32 கழகங்கள் பங்குபற்றிய உலகக் கழகக் கிண்ணப் போட்டி கோடைவிடுமுறையினுள் நடத்தப்பட்டது. அதன் முடிவிலே, ஆட்டங்களுக்கிடையே குறைந்தது 72 மணிநேர ஓய்வும் பருவ முடிவில் 21 நாள் விடுமுறையும் வேண்டும் என்பதில் இணக்கம் காணப்பட்டதாகச் சம்மேளனம் அறிவித்தது. ஆட்டக்காரர் சங்கங்களின் உலகளாவிய அமைப்பான பிஃப்புரோ அப்பேச்சில் இடம்பெறவில்லை. தொழிலாளரின் பிரதான அமைப்பு இல்லாத இடத்திற் பேசப்படும் தொழிலாளர் ஓய்வு எத்துணை உறுதியானது என்பதைக் காலமே காட்டும்.

தொகுத்து நோக்குமிடத்து, நித்திரைக் குளிசைக்கு அடிமைப்படுதலைத் தனிமனிதப் பலவீனமாக மட்டுங் கொள்ளுதல் தவறாகும். அலியினுடைய இளமைத் துயரைப் போன்ற காரணிகள் ஒவ்வொருவரிடத்தும் வேறுபடலாம். ஆனால் நள்ளிரவு கடந்து வீடு சேர்தலும், மறுநாட் பயிற்சியும், கழகத்துக்குக் கடமைப்பட்ட வைத்தியமும் அனைவருக்கும் பொதுவானவை. இரவாட்டத்துக்குப் பின்னர் கட்டாய ஓய்வு, கழகத்திற் தங்கியிராத வைத்தியர், தண்டனையின்றி உதவிகோரும் உரிமை ஆகிய மூன்றும் கருணையின் பாற்பட்டவையல்ல. தொழில் நிபந்தனைகளின் பாற்பட்டவை. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் நீதிமன்று ஆட்டக்காரனைத் தொழிலாளி என ஏற்றுக்கொண்டது. தொழிலாளிக்கு உரிய ஓய்வு அவனுக்கும் உரியது என்பதை உதைபந்தாட்டத் தொழில் இனியேனும் ஏற்றுக்கொள்ளல் வேண்டும்.